டி அண்ட் டி-க்கு அப்பால் பழைய ஆர்பிஜி-கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

இளவேனில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஒரு சிறு குழுவாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) விளையாட்டின் ஐந்தாம் பதிப்பைச் சில ஆண்டுகளாக ஆடி வருகிறோம். அதன்மீது எனக்கு வெறுப்பு ஏதும் இல்லை; மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆர்பிஜி என்ற இந்தப் பழக்கத்தையே எங்களுக்குக் கற்றுத்தந்தது அதுதான். ஆனால் இப்போதெல்லாம் ஒரு சண்டை தொடங்கினால் அன்றைய மாலை முழுவதும் அதிலேயே கழிந்துவிடுகிறது. இருண்ட அறை ஒன்றுக்குள் நுழைந்ததும், அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரத் தாளை எடுத்து, அதில் எழுதியிருக்கும் திறன்களில் எது இங்கே உதவும் என்று தேடத் தொடங்குகிறார்கள். உலகை விவரித்து ஆட்டத்தை நடத்தும் நடுவராக இருக்கும் எனக்கு இது வருத்தம் தருகிறது.

1970-களிலும் 1980-களிலும் வெளிவந்த விளையாட்டுகளுக்குப் புதிய வரவேற்பு கிடைத்திருப்பதாகவும், அந்த இயக்கத்தை ஓஎஸ்ஆர் (ஓல்ட் ஸ்கூல் ரினைசான்ஸ், அதாவது பழம்பாணியின் மறுமலர்ச்சி) என்று அழைப்பதாகவும் படித்தேன். ஆனால் அங்கே பரிந்துரைக்கப்படும் நூல்களில் பெரும்பாலானவை பழைய டி அண்ட் டி விதிகளையே மறுபடியும் எழுதித் தருபவையாகத் தெரிகின்றன. ஆகவே என் கேள்விகள் இரண்டு. பழைய நினைவுகளின் மீதான பற்றைத் தாண்டி, இந்த மறுவருகையில் உண்மையில் மீட்கப்படுவது என்ன? டி அண்ட் டி குடும்பத்தைச் சேராத பழைய விளையாட்டுகளில் இன்று எடுத்து ஆடத் தகுந்தவை எவை? எங்கள் குழுவுக்குப் பயணம், வணிகம், முடிவுகளின் விளைவுகளைச் சுமப்பது ஆகியவற்றில் ஆர்வம் அதிகம். மந்திரத்தையும் தெய்வங்களையும் விரும்பும் ஒருவரும் குழுவில் இருக்கிறார்.

நெடுவழி எழுதியது:

நீங்கள் கவனித்தது சரிதான். அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 2000-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் டி அண்ட் டி-யின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது, அதன் அடிப்படை விதிகளை யாரும் எடுத்தாளலாம் என்று ஒரு திறந்த உரிமத்தையும் வெளியிட்டது. பிறர் எழுதும் துணைநூல்கள் தன் புதிய பதிப்பின் விற்பனைக்கு உதவும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. ஆனால் அந்த உரிமத்தின்கீழ் கிடைத்த சொற்களும் மந்திரப் பெயர்களும், அப்போது அச்சில் இல்லாமற்போயிருந்த பழைய பதிப்புகளைப் புதிய வாக்கியங்களில் எழுதிவிடவும் போதுமானவையாக இருந்தன. அமெரிக்கச் சட்டப்படி ஒரு விளையாட்டின் ஆடும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை விவரிக்கும் எழுத்துக்கே உண்டு என்பதும் துணைநின்றது. இவ்வாறு 2006-இல் ஆஸ்ரிக் என்ற நூல் 1970-களின் இறுதியில் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி-யையும், 2007-இல் லேபிரிந்த் லார்டு டாம் மோல்ட்வேயின் 1981 அடிப்படைப் பதிப்பையும், 2008-இல் மேட் ஃபின்ச்சின் சோர்ட்ஸ் அண்ட் விசார்ட்ரி 1974-இன் முதல் பதிப்பையும் மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தன. 2009-இல் விசார்ட்ஸ் நிறுவனம் பழைய நூல்களின் மின்பதிப்பு விற்பனையையும் நிறுத்தி, 2013-இல்தான் மீண்டும் தொடங்கியது என்பதை நினைத்தால், இவர்களுடைய உழைப்பு எவ்வளவு அவசியமாக இருந்தது என்பது விளங்கும்.

மீட்கப்படுவது என்ன என்ற கேள்விக்கு என் பதில், ஆட்டத்தை நடத்தும் ஒழுங்குமுறை என்பதே. மோல்ட்வேயின் பதிப்பில் நிலவறைக்குள் நேரம் பத்து நிமிடக் கூறுகளாக எண்ணப்படும்; ஒரு தீப்பந்தம் ஆறு கூறுகளில் எரிந்து தீர்ந்துவிடும்; இரண்டு கூறுகளுக்கு ஒருமுறை நடுவர் பகடை உருட்டி, உலவும் பிராணி ஏதேனும் எதிர்ப்படுகிறதா என்று பார்ப்பார். எதிர்ப்பட்டாலும் உடனே சண்டை என்று பொருளில்லை. இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையைக் கொண்டு அதன் மனநிலை முடிவாகும். அது பேச வரலாம், விலகிச் செல்லலாம், பாயலாம். சண்டை தொடங்கிய பிறகும் எதிரிகளின் மனவுறுதியைச் சோதிக்கும் விதி இருப்பதால், கடைசி ஆள் விழும்வரை அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அனுபவப் புள்ளிகளில் பெரும்பகுதி வெளியே கொண்டுவரும் செல்வத்துக்குக் கிடைக்கிறதேயொழிய கொன்ற உயிர்களுக்கு அல்ல என்பது. அதனால் ஆட்டக்காரர்கள் பேரம் பேசுவார்கள், ஒளிவார்கள், ஓடுவார்கள். தாளில் எழுதியிருப்பது மிகக் குறைவு என்பதால் அறையைப் பற்றிக் கேள்வி கேட்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியே இருக்காது. உங்கள் வருத்தத்துக்கு நேரான மருந்து இது என்று நான் நம்புகிறேன்.

இருந்தபோதிலும் இந்த மீட்புப் பணி ஒரே குடும்பத்தின் நூல்களுக்குள் நெடுங்காலம் சுற்றிக்கொண்டிருந்தது என்பதை நானும் ஏற்கிறேன். 2023 ஜனவரியில் அந்தத் திறந்த உரிமத்தைத் திருத்தும் வரைவு ஒன்று கசிந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதே மாதத்திலேயே நிறுவனம் பின்வாங்கித் தன் அடிப்படை விதிகளை யாரும் எடுத்தாளக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் வெளியிட்டது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் பலர் ஒரே நிறுவனத்தைச் சாராத விளையாட்டுகளைத் தேடிப் போனார்கள். அவற்றைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

விண்வணிகன் எழுதியது:

பயணம், வணிகம், விளைவுகள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். நான் டிராவலர் விளையாட்டைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன். மார்க் மில்லர் வடிவமைத்து, ஜிடிடபிள்யூ நிறுவனம் 1977-இல் மூன்று சிறிய கறுப்பு அட்டைப் புத்தகங்களாக வெளியிட்ட விண்வெளி ஆட்டம் இது. சாதாரண ஆறுமுகப் பகடைகள் இரண்டு இருந்தால் போதும்.

இதில் அனுபவப் புள்ளிகள் சேரச் சேரப் பாத்திரம் படிப்படியாக வலுப்பெறும் லெவல் ஏறுவது என்பதே இல்லை. உங்கள் பாத்திரம் 18 வயதில் தொடங்கிக் கடற்படை, தரைப்படை, சாரணர் பணி, வணிகக் கப்பல் முதலிய துறைகளில் ஒன்றில் சேர்ந்து, நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிந்து, திறன்களையும் பதவியையும் ஓய்வுக்காலப் பணத்தையும் சேர்த்துக்கொண்டு வெளியே வரும்போதுதான் ஆட்டம் தொடங்குகிறது. வாழ்ந்து முடித்த ஒரு மனிதரின் கையில் அடுத்த வாழ்க்கையைக் கொடுக்கிறது இந்த விளையாட்டு. நான் இதை இவ்வளவு நேசிப்பதற்கு அதுவே காரணம். பழைய விதிகளின்படி, பணிக்காலத்தில் உயிர்பிழைக்கும் பகடை தவறினால் பாத்திரம் ஆட்டம் தொடங்கும் முன்பே இறந்தும் போகலாம்.

வணிகத்துக்கு வருகிறேன். ஃப்ரீ டிரேடர் என்ற 200 டன் சரக்குக் கப்பலின் விலை இந்த ஆட்டத்தின் நாணயமான கிரெடிட்டில் சுமார் 3 கோடியே 70 லட்சம். ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டி, விலையில் 240-இல் ஒரு பங்கை மாதந்தோறும் 480 மாதங்களுக்குச் செலுத்த வேண்டும். அதாவது நாற்பது ஆண்டுக் கடன். கட்டி முடிக்கும்போது விலையைப் போல 2.2 மடங்கு செலுத்தியிருப்பீர்கள். இதற்குமேல் எரிபொருள், மாலுமிகளின் சம்பளம், துறைமுகக் கட்டணம், பராமரிப்பு. நேர்மையான சரக்கினால் மட்டும் இவற்றையெல்லாம் ஈடுகட்டுவது கடினமாகும் சமயத்தில், யாரோ ஒருவர் வந்து கேள்வி கேட்காமல் ஒரு பெட்டியை ஏற்றிச் செல்லச் சொல்வார். கதையை நடுவர் எழுதிக்கொண்டு வர வேண்டியதில்லை. தவணையே அதை நடத்திச் செல்லும். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதும், கப்பலை முந்திச் செல்லும் செய்தித்தொடர்பு எதுவும் இல்லை என்பதும் இந்த உலகின் அரசியல் முழுவதையும் தீர்மானிக்கின்றன.

பழைய புத்தகங்கள் மின்னூலாக இப்போதும் முறையாகக் கிடைக்கின்றன. மாங்கூஸ் நிறுவனம் 2008 முதல் புதிய பதிப்புகளை வெளியிட்டு வருகிறது. திறந்த உரிமத்தில் 2016-இல் வந்த செஃபியஸ் எஞ்சின், பெயரைத் தவிர ஏறக்குறைய இதே ஆட்டத்தைத் தருகிறது.

இளவேனில் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கப்பல் கடனைப் பற்றிய பகுதி எங்கள் குழுவுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. ஆனால் உருவாக்கும்போதே பாத்திரம் இறந்துபோவது ஆட்டக்காரரின் உழைப்பை வீணாக்குவது ஆகாதா? அதை அப்படியே வைத்து ஆட வேண்டுமா?

விண்வணிகன் எழுதியது:

அந்த விதியை நீக்கிவிட்டால் மற்றொரு விதியின் பொருள் கெட்டுவிடும். ஒவ்வொரு பணிக்காலமும் கூடுதல் திறனைத் தருகிறது; 34 வயதிலிருந்து முதுமைக்கான பகடையும் சேர்ந்துகொள்கிறது. இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கலாமா, இதோடு போதுமா என்று ஆட்டக்காரர் யோசிக்க வேண்டிய இடம் அதுதான். ஆபத்து இல்லையென்றால் எல்லோரும் கடைசிவரை பணியில் இருந்துவிடுவார்கள். மேலும் ஒரு பாத்திரத்தை உருவாக்க அதிக நேரம் ஆவதில்லை என்பதால் வீணாகும் உழைப்பும் சிறிதே. மனம் ஒப்பவில்லையென்றால், காயமடைந்து பணியிலிருந்து விலகியதாகக் கொள்ளலாம் என்ற மாற்று விதியை 1981 பதிப்பே தருகிறது. மாங்கூஸ் பதிப்பில் மரணத்துக்குப் பதிலாக விபத்துப் பட்டியல் ஒன்று இருக்கிறது.

செங்காந்தள் எழுதியது:

மந்திரத்தை விரும்பும் உங்கள் நண்பருக்காக ரூன்குவெஸ்ட் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டீவ் பெரின் முதலியோர் எழுதி 1978-இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட இந்த விளையாட்டு, கிரெக் ஸ்டாஃபோர்டு படைத்த குளோராந்தா என்ற வெண்கலக் கால உலகில் நிகழ்கிறது. இங்கே போர்வீரன், மந்திரவாதி என்ற வகுப்புப் பிரிவினை இல்லை. எல்லோரும் மந்திரம் கற்கலாம். எந்தத் தெய்வத்தின் வழிபாட்டு மரபில் சேர்கிறீர்கள் என்பதே நீங்கள் யார் என்பதையும், எந்தப் பெருமந்திரம் உங்களுக்குக் கிட்டும் என்பதையும் தீர்மானிக்கும். திறன்கள் நூற்றுக்கு இத்தனை என்று எழுதப்பட்டிருக்கும். ஆட்டத்தில் ஒரு திறனைப் பயன்படுத்தி வென்றால் அதற்கு ஒரு குறி இடுவீர்கள். பின்னர் இப்போதைய அளவைவிட அதிகமாகப் பகடை விழுந்தால்தான் அந்தத் திறன் உயரும். தெரியாதவன் விரைவாகக் கற்பதும், வல்லவன் மெதுவாக வளர்வதும் ஒரே பகடையில் அமைந்துவிடுகின்றன. சமயம் ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்வாகவும் கடமையாகவும் விளங்கும் உலகை இவ்வளவு ஆழமாகக் காட்டிய வேறொரு பழைய விளையாட்டை நான் அறியேன். 2015-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளத்தில் வாசகர்களிடம் நிதி திரட்டி இரண்டாம் பதிப்பு மறுஅச்சானது. 2018-இல் புதிய பதிப்பு வந்தது.

ஆனால் நண்பர்கள் இங்கே பழைய விதிகளை மிகவும் புகழ்ந்திருப்பதால், மறுபக்கத்தையும் சொல்வது என் கடமை. சண்டை நீள்கிறது என்பது உங்கள் முதல் குறை. ரூன்குவெஸ்டில் தாக்குவதற்கு ஒரு பகடை, தடுப்பதற்கு ஒரு பகடை, அடி உடலின் எந்தப் பகுதியில் விழுந்தது என்பதற்கு ஒரு பகடை, பிறகு சேதத்துக்கு, அதிலிருந்து கவசத்துக்குக் கழிவு. ஒரே அடியில் கால் போய்விடக்கூடும் என்பதால் சண்டையின் சுற்றுகள் குறைவுதான். ஆயினும் ஒவ்வொரு சுற்றும் பொறுமையைக் கேட்கும். பழையது என்பதாலேயே ஒரு விதி விரைவானதாகவோ எளியதாகவோ இருந்துவிடாது. இதே மரபில் எளிமை வேண்டுமானால் டிராகன்பேன் என்ற விளையாட்டைப் பாருங்கள். 1982-இல் கேயாசியத்தின் விதிகளை அடிப்படையாகக் கொண்டு சுவீடனில் பிறந்து, அங்கே ஒரு தலைமுறையே ஆடி வளர்ந்த விளையாட்டு அது. 2023-இல் ஃப்ரீ லீக் நிறுவனம் அதை வெகுவாகச் சுருக்கி ஆங்கிலத்திலும் வெளியிட்டது. அமெரிக்காவுக்கு வெளியே இந்த மரபு எப்படி வேர்பிடித்தது என்பதையும் அதில் காணலாம்.

பனங்காடு எழுதியது:

யாரும் குறிப்பிடாத இரண்டை மட்டும் சேர்க்கிறேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கென் செயின்ட் ஆண்ட்ரே 1975-இல் எழுதிய டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ், டி அண்ட் டி-யின் விதிகள் குழப்பமாக இருக்கின்றன என்ற எண்ணத்திலிருந்தே பிறந்தது. ஆறுமுகப் பகடைகள் மட்டுமே தேவை. இரு தரப்பும் எல்லாப் பகடைகளையும் ஒன்றாக உருட்டி, கூட்டுத்தொகைகளின் வித்தியாசத்தைத் தோற்ற தரப்பு சேதமாக ஏற்கும். சண்டை சில நிமிடங்களில் முடியும். எண்ணிட்ட பத்திகளைத் தாண்டித் தாண்டிப் படித்துத் தனியாக ஆடும் சாகச நூலை 1976-இல் முதலில் கொண்டுவந்ததும் இந்த விளையாட்டுதான். ஆட ஆள் சேராத வாரங்களில் அந்த நூல்கள் நல்ல துணை.

இரண்டாவது, 1975-இல் வந்த எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன். தெற்காசிய மொழிகளைக் கற்பித்த மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். ஏ. ஆர். பார்க்கர் படைத்த தெகுமேல் உலகம், ஐரோப்பிய இடைக்காலத்தின் சாயலைக் கடந்து இந்திய, நடு அமெரிக்கப் பண்பாடுகளிலிருந்து நிறம் பெற்றது என்பதால் நம்மவர்களுக்கு அடிக்கடி பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் அவர் புனைபெயரில் ஒரு நாஜி ஆதரவு நாவல் எழுதியிருந்ததை, அவருடைய படைப்புகளைப் பேணும் அறக்கட்டளையே 2022-இல் ஒப்புக்கொண்டது. அதை அறிந்த பின் அந்த உலகில் மகிழ்ச்சியோடு ஆட எனக்கு மனம் வரவில்லை. பழையவற்றை மீட்பவர்கள் இத்தகைய செய்திகளைப் பரிந்துரையோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.

இளவேனில் எழுதியது:

குழுவினரிடம் இந்த இழையைக் காட்டினேன். முதலில் டிராவலர், பிறகு டிராகன்பேன் என்று முடிவாகியிருக்கிறது. விண்வணிகன் ஐயா, முதல் அமர்வுக்கு நடுவர் எவ்வளவு தயாரிக்க வேண்டும்?

விண்வணிகன் எழுதியது:

விண்வெளியின் ஒரு சிறு பகுதியைக் காட்டும் துணைப்பகுதி வரைபடம் ஒன்று போதும். அகலத்தில் எட்டு, நீளத்தில் பத்து என அறுகோணக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பகடை உருட்டி, நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் அங்கே ஓர் உலகம். பிறகு ஒவ்வோர் உலகுக்கும் விண்துறைமுகத்தின் தரம், வளிமண்டலம், மக்கள்தொகை, ஆட்சிமுறை, சட்டத்தின் கடுமை ஆகியவற்றை விதிநூலின் பட்டியல்படி உருட்டிக்கொள்ளுங்கள். நாற்பது உலகங்களையும் விவரிக்க முனைய வேண்டாம். கப்பல் நிற்கும் உலகையும், ஒரே தாவலில் எட்டக்கூடிய இரண்டு மூன்று உலகங்களையும் மட்டும் யோசியுங்கள். பட்டியலில் முரண்பாடாகத் தோன்றும் விடைகளை மாற்றிவிடாதீர்கள். காற்றே இல்லாத ஓர் உலகில் கோடிக்கணக்கானோர் ஏன் வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு நீங்கள் எழுதும் விடைதான் உங்கள் ஆட்டத்தின் முதல் கதையாக அமையும். முதல் அமர்வில் எல்லோரும் சேர்ந்தே பாத்திரங்களை உருவாக்குங்கள். யார் எந்தப் படையில் யாருடன் இருந்தார் என்று பேசிக்கொண்டே செய்தால் அந்த மாலையே ஓர் ஆட்டமாகிவிடும். இரண்டாம் அமர்வுக்கு ஒரு சரக்கு, ஒரு வேலை கொடுப்பவர், முதல் தவணை கட்ட வேண்டிய தேதி ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும்.