வீடு முழுக்கப் பாட்டு: வைஃபை 7 மெஷ் வாங்கத்தான் வேணுமா?

வாணி_வெள்ளவத்தை:
வணக்கம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் மூன்றாம் மாடி வாடகை ஃபிளாட். ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் லிரியன் மியூசிக் சேர்வர் (அறைகளுக்குப் பாட்டு அனுப்பும் மென்பொருள்) ஓடுது. ஹோல், குசினி, அப்பாவின் அறை, மூன்றிலும் ஒவ்வொரு பிளேயர். ஹோலில் பை 3பி பிளஸ், மற்ற இரண்டும் பை சீரோ 2 டபிள்யூ. ஃபைபர் இணைப்போடு வந்த ரவுட்டர் வாசல் கதவடியில். பகலில் பிரச்சினை இல்லை. பின்னேரம் ஆறு மணி தாண்டி அக்கம்பக்கத்து ஆட்கள் வேலையால் வந்ததும் குசினியில் பாட்டு விக்கும், மூன்று அறையும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடும் குழுவிலிருந்து அப்பாவின் அறை கழன்றுவிடும். அவர் வீணைக் கச்சேரி முழுதாகக் கேட்டுக் கனகாலம். பம்பலப்பிட்டியில் கடைக்காரர் மூன்று பெட்டி வைஃபை 7 மெஷ் (அறைகளில் வைத்தால் ஒரே வைஃபையாக ஓடும் பெட்டிகள்) எடுக்கச் சொல்றார். விலை பெரிய தொகை. எடுக்கவா?

அலைவரிசை:
எடுங்கோ அக்கா. உங்கட ஃபிளாட் சுவரெல்லாம் கல்லும் சீமெந்தும். வைஃபை ஓடுற ரெண்டு பேண்டில 5 கிகாஹேர்ட்ஸ் ரெண்டு சுவர் தாண்டினாலே சோர்ந்து போகும். 2.4 தாண்டும், ஆனா வெள்ளவத்தையில பின்னேரம் அதில நிக்க இடமில்லை. அறைக்கொரு பெட்டி வச்சா பிளேயருக்குப் பக்கத்திலயே சிக்னல் இருக்கும். வாசலில ஒரே ஒரு பெட்டியை வச்சு மூண்டு அறைக்கும் பாட்டுக் குடுக்கிறது சரிவராது.

செப்புக்கம்பி:
அவசரப்பட்டுக் காசைக் கொடுக்காதீர்கள் வாணி. முதலில் கணக்கைப் பாருங்கள். சிடி தரத்துப் பாட்டு சுருக்காமல் அனுப்பினாலும் விநாடிக்கு 1,411 கிலோபிட்தான். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பு என்றால் அதிலும் குறைவு. மூன்று அறைக்கும் சேர்த்து 5 மெகாபிட்டைத் தொடாது. பழைய வைஃபை 4 கூட இதைத் தாராளமாகச் சுமக்கும். உங்களுக்கு வேகம் குறையவில்லை, காற்றில் முறை கிடைக்கவில்லை. ஒரு சனலில், அதாவது பேண்டுக்குள் இருக்கும் ஒரு பாதையில், ஒரு கருவி பேசும்போது மற்றதெல்லாம் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரவுட்டரும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. நீங்கள் வைஃபை 7 வாங்கினீர்கள் என்பதற்காக அது விலகி வழிவிடாது.

அதைவிட முக்கியம், பை சீரோ 2 டபிள்யூவில் 5 கிகாஹேர்ட்ஸே கிடையாது. 2.4 மட்டும், அதுவும் வைஃபை 4. எந்தப் பெட்டி வாங்கினாலும் குசினியும் அப்பாவின் அறையும் அதே நெரிசலில்தான் நிற்கப்போகின்றன.

ஒரு கேள்வி: சேர்வர் ஓடும் பை 4 எங்கே இருக்கிறது? வயரிலா, வைஃபையிலா?

வாணி_வெள்ளவத்தை:
அப்பாவின் அறையில், ஹார்ட் டிஸ்க்கோடு. வைஃபையில்தான். இப்போது ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், 2.4இல் இருக்குது.

செப்புக்கம்பி:
அப்படியென்றால் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. லிரியன் ஒவ்வொரு பிளேயருக்கும் பாட்டைத் தனித்தனியாக அனுப்பும். சேர்வரும் வைஃபையில் இருந்தால் பாட்டின் ஒவ்வொரு துண்டும் (பாக்கெட்) காற்றில் இரண்டு தரம் போகிறது: சேர்வரிலிருந்து ரவுட்டருக்கு, பிறகு ரவுட்டரிலிருந்து பிளேயருக்கு. அப்பாவின் அறையையே எடுங்கள். சேர்வரும் பிளேயரும் ஒரே மேசையில் இருந்தாலும், பாட்டு வாசல் வரை போய் அதே சுவர்களைத் தாண்டித் திரும்பி வருகிறது. பை 4ஐயும் ஹார்ட் டிஸ்க்கையும் வாசலடிக்குக் கொண்டுபோய் ஒரு சின்ன நெட்வேர்க் கேபிளால் ரவுட்டரில் கொழுவுங்கள். பாட்டால் வரும் சுமை காற்றில் சரிபாதியாகும்.

அலைவரிசை:
சேர்வரை வயரில போடுறது நல்லது, அதில எனக்கு மறுப்பில்லை. ஆனா தூரத்தை ஏன் கணக்கில எடுக்கேல்லை? சிக்னல் குறைஞ்ச இடத்தில இருக்கிற பிளேயர் மெதுவான வேகத்திலதான் கதைக்கும். அதே பாக்கெட்டுக்குக் கனநேரம் பிடிக்கும், இடையில பிழைச்சாத் திரும்ப அனுப்பவேணும். பெட்டி பக்கத்தில இருந்தாக் கெதியாச் சொல்லி முடிச்சிட்டு இடத்தை விடும். நெரிசலான இடத்திலதான் மெஷ் கூடத் தேவை.

செப்புக்கம்பி:
பெட்டி பக்கத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பாட்டு எப்படி வந்து சேரும்? நீங்கள் சொன்ன அதே கல்சுவர்கள் வழியாக, அதே காற்றில். 5 கிகாஹேர்ட்ஸிலோ 6 கிகாஹேர்ட்ஸிலோ அந்த இணைப்பு ஓடினாலும் சுவர் சுவர்தான், 6 கிகாஹேர்ட்ஸ் இன்னும் மோசமாகத் தேயும். பின் அறை வரை ஒரு கேபிள் இழுத்துவிட்டால் சாதாரண ஆக்சஸ் பொயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டி) ஒன்று போதும், வைஃபை 5 என்றாலும் பரவாயில்லை. கேபிள் இழுக்காமல் மூன்று பெட்டி வாங்குவதற்குத்தான் நான் எதிர்ப்பு.

ஜீவா_கொட்டாஞ்சேனை:
வீட்டுக் கரண்ட் வயர் வழியா நெட்வேர்க்கை அனுப்புற பவர்லைன் அடாப்டர் போட்டா என்ன? கேபிளே தேவையில்லையே.

செப்புக்கம்பி:
பழைய வயரிங்கில் நம்ப முடியாது. இரண்டு பிளக்கும் மின்சாரத்தின் வேறு வேறு பேஸில் (phase) இருந்தால் அநேகமாக இழுபடும். திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் ஒத்துக்கொண்டால் மட்டும் முயன்று பாருங்கள்.

நிஷா_தெஹிவளை:
ரவுட்டர் செட்டிங் பற்றி யாருமே பேசவில்லை. அதற்குக் காசே வேண்டாம். 2.4இல் சனல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸ் ஆக்குங்க. பல பெட்டிகள் கடையிலிருந்து வரும்போது 20/40 என்று இருக்கும். ஃபிளாட்டில் 40 போட்டால் ஏறக்குறைய முழு 2.4ஐயும் நீங்களே அடைத்து, எல்லாருடைய சத்தத்தையும் நீங்களே வாங்குவீங்க. சனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 மூன்றில் ஒன்றைப் பின்னேரம் பார்த்துத் தெரிவு செய்யுங்க, பகலில் பார்த்துப் பிரயோசனம் இல்லை. 3, 8 காலியாகத் தெரியுது என்று அங்கே போக வேண்டாம். அந்த இடைச் சனல்களில் இரண்டு பக்கமும் இடிபடும்.

போன், டிவி, லேப்டொப் எல்லாவற்றையும் 5க்கு அனுப்பிவிடுங்க. இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் பிரித்து வேறு வேறு பெயர் வையுங்க. அப்போது 2.4இல் உங்கள் பக்கத்தால் பாட்டு மட்டும்தான் இருக்கும்.

குசினியில் மைக்ரோவேவ் இருக்கா? அது வேலை செய்வதும் ஏறக்குறைய 2.45 கிகாஹேர்ட்ஸில். கறி சூடாக்கும் நேரத்தில் பாட்டு விக்கினால் அந்தப் பிளேயரைத் தள்ளி வையுங்க.

வாணி_வெள்ளவத்தை:
இருக்குது, பிளேயர் அதுக்கு மேலேயேதான் வைத்திருக்கிறோம்! ஆறு மணிக்குப் பிறகுதான் சாப்பாடும் சூடாக்குவோம்.

அலைவரிசை:
நிஷா அக்கா சொன்னது எல்லாம் செய்யட்டும். ஆனா ஃபைபரோட தாற பெட்டிகள் சிலதில சனல் அகலத்தை மாத்தவே விடாது. அப்ப என்ன செய்யிறது? வேற ரவுட்டர் வாங்கத்தான் வேணும். வாங்கிறதெண்டா நல்லதா வாங்கச் சொல்லுறன்.

நிஷா_தெஹிவளை:
அது நியாயமான கேள்வி. அப்படியென்றால் தனி ரவுட்டர் ஒன்று வாங்கி, பழைய பெட்டியின் வைஃபையை நிறுத்திவிடலாம். ஆனால் நல்லது என்றால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வேகம் இல்லை. 2.4, 5 இரண்டையும் தனித்தனியாக மாற்ற விடணும், சனலையும் அகலத்தையும் கையால் பூட்ட விடணும், கேபிள் கொழுவ நாலு லான் போர்ட் வேணும். ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறந்த மூல மென்பொருள்) ஏற்றக்கூடிய மொடல் கிடைத்தால் எனக்கு இன்னும் விருப்பம்.

ஜீவா_கொட்டாஞ்சேனை:
ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றையும் மறக்க வேணாம். 2022இல் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினாங்க. இப்ப அப்படி இல்லைதான், ஆனா ஒரு நிமிஷம் கரண்ட் போய் வந்தாலே ரவுட்டர் திரும்ப எழும்புது. சனல் ஆட்டோவில் இருந்தா அந்த நேரத்தில் புதுசா ஒன்றைப் பிடிச்சிடும். சேர்வர் பைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் சடுதியா கரண்ட் போறது நல்லதில்லை. பைக்கு 5 வோல்ட் வேணும் என்றதால அதுக்குப் பொருந்துற யுபிஎஸ் தனியாப் பாருங்க.

வாணி_வெள்ளவத்தை:
சேர்வரை வாசலடிக்கு மாற்றிவிட்டேன். சனல் 11, அகலம் 20. இந்த ரவுட்டர் மாற்ற விடுது. பிளேயரை மைக்ரோவேவுக்கு மேலேயிருந்து எடுத்து ஜன்னலோரத் தட்டில் வைத்தாச்சு. இப்போது பின்னேரம் ஏழு மணி, மூன்று அறையும் சேர்ந்து பாடுது. அப்பாவின் அறை மட்டும் இடைக்கிடை ஒரு கணம் நின்று தொடருது, கழன்று போகவில்லை.

அலைவரிசை:
அந்த ஒரு கணம் தூரத்தாலதான் அக்கா. அந்த அறைக்கு ஒரு பெட்டி வேணும் எண்டதில நான் இன்னும் நிக்கிறன்.

செப்புக்கம்பி:
அந்த அறைக்கு ஒரு பெட்டி, சரி. வயரோடு. தட்டைக் கேபிள் வாங்குங்கள், சுவரோரமாக ஒட்டிக்கொண்டு போகலாம், ஆணி அடிக்கத் தேவையில்லை. ஈதர்நெட் கேபிள் 100 மீற்றர் வரை தாங்கும், உங்கள் ஃபிளாட்டில் அதில் கால்வாசியும் வராது.

வாணி_வெள்ளவத்தை:
வீட்டுக்காரர் துளை போட விடமாட்டார். இடையில் இரண்டு கதவு இருக்குது. கதவுக்குக் கீழால் விட்டால் கேபிள் நசியாதா?

செப்புக்கம்பி:
நடுவால் விடாதீர்கள். பிணைச்சல் பக்கத்து மூலையால் கொண்டுபோங்கள், கதவு திறந்து மூடும்போது அங்கே அசைவு குறைவு. கூராக மடிக்காமல் வளைத்து விடுங்கள். வாங்கும்போது கேட்6 ரகக் கேபிள், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசின அலுமினியத்தைக் கையில் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.