மறு: கூம்பு நத்தையின் பல்லுக்கு என்ன சொல்? – ‘எறிபல்’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். கடல் ஓடுகளைச் சேகரிப்போருக்கான நம் தமிழ்க் கையேட்டில், நஞ்சுள்ள கடல் நத்தையான கூம்பு நத்தையின் பல்லுக்கு (ஆங்கிலத்தில் ரேடுலர் டூத்) என்ன சொல் வைப்பது என்ற கேள்விக்கு நீங்கள் எழுதிய கருத்துகளுக்கு என் பதில் இது.

> ரேடுலர் டூத் என்பதற்கு ‘நச்சுப்பல்’ போதாதா? பாம்புக்குப் பழகிய சொல்தானே.

ஐயா, அந்தப் பழக்கம்தான் எனக்கு இடிக்கிறது. பாம்பின் பல் தாடையில் ஊன்றி நிற்பது. கடித்த பிறகும் அங்கேயே இருக்கும். கூம்பு நத்தையின் பல், கைட்டின் என்ற கடினப் பொருளால் ஆன, உள்ளே துளையுள்ள, நுனியில் முள் வைத்த நுண்ணிய ஊசி. இப்படிப் பல பற்கள் ஒரு பைக்குள் தயாராகக் கிடக்கும். வேட்டையின்போது ஒன்று மட்டும் துதிக்கையின் (நீண்டு வளையும் வாய்க்குழல், புரோபோஸிஸ்) நுனிக்கு வந்து இரையின் மேல் பாயும், கூடவே நஞ்சும் இறங்கும். ஒரு பல் ஒரு தடவைக்குத்தான். அடுத்த வேட்டைக்குப் பையிலிருந்து வேறொன்று வரும்.

> ஹார்பூன் என்ற உவமையை வைத்து ‘ஈட்டிப்பல்’ என்றால்?

கிட்ட வந்துவிட்டீர்கள். ஆனால் ஹார்பூனுக்கு நம்மிடமே பழைய சொல் இருக்கிறதே. நெய்தல் பாட்டில் பரதவர் பெருமீன் மேல் வீசுவது எறியுளி. ‘உளிப்பல்’ என்று சுருக்கினால் முன்வரிசை வெட்டுப்பல் என்று குழம்பிவிடும். அதனால் எறி என்ற வினையை மட்டும் எடுத்துக்கொண்டு ‘எறிபல்’ என்று முன்வைக்கிறேன். வினைத்தொகை, எறிந்த பல், எறிகிற பல், எறியும் பல் எல்லாம் அதில் அடங்கும். ஒரே தடவை பயன்படுவது என்ற குறிப்பும் ‘எறி’யிலேயே கிடைக்கிறது. மீன் பிடிக்கும் இனங்களில் சில, பாய்ச்சிய பல்லின் அடியை விடாமல் பிடித்துக்கொண்டு, செயலிழந்த மீனை வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். கயிறு கட்டிய எறியுளியின் வேலையே அது.

> சேகரிப்போருக்கான கையேடு. நத்தை ஓடு பற்றிய சொற்கள் போதும், பல்லெல்லாம் எதற்கு?

இதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஓடு தேடிப் போகிறவரின் கைதான் முதலில் உயிருள்ள நத்தையின் மேல் படுகிறது. 1777-இல் ஓடுகளை ஆராய்ந்த கெம்னிட்ஸ் விவரித்த ‘கோனஸ் குளோரியாமாரிஸ்’ என்ற கூம்பு நத்தை இனத்தின் ஓடு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அபூர்வப் பொருளாகவே இருந்தது. 1969-இல் சாலமன் தீவுகளின் குவாடல்கனால் அருகே முக்குளிப்போர் அதன் வாழிடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் நிறையக் கிடைத்து விலையும் இறங்கியது. அந்தக் கடல்களிலேயே ‘கோனஸ் ஜியோகிராஃபஸ்’ என்ற இனமும் உண்டு. மனிதரைக் கொன்றிருக்கிறது. குத்தியது சில சமயம் வலிக்கவே வலிக்காது. பிறகு மரத்துப்போகும், தசைகள் செயலிழக்கும், மூச்சு நிற்கும். முறிமருந்து கிடையாது, நஞ்சின் வேகம் அடங்கும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அகலமான முனையைப் பிடித்தால் ஆபத்தில்லை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தப்பு. துதிக்கை பக்கவாட்டில் வளைந்து பின்னுக்கும் எட்டும்.

இதே காரணத்தால் ‘கூம்புச் சங்கு’ என்ற சொல்லையும் வெற்று ஓட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நீருக்குள் இருப்பது ‘கூம்பு நத்தை’. சங்கு என்றதும் பூஜையறைப் பொருள் நினைவுக்கு வந்து கை தானாக நீளும். கடலடியில் கூம்பு நத்தை கண்ணாடி அலமாரியில் இருப்பதுபோல் மின்னவும் மின்னாது. பகலில் பெரும்பாலும் மணலில் புதைந்தோ, செத்த பவளப் பாறைக்கு அடியிலோ கிடக்கும். வெளியே தெரிவது மூச்சுக்குழலின் நுனி மட்டும். வெளியே வந்தாலும் பழுப்பான தோல் ஒன்று வேலைப்பாட்டை மூடியிருக்கும். பெரியோஸ்ட்ராகம் எனப்படும் அந்தத் தோலுக்கு, முன்பு ஒரு நண்பர் சொன்ன ‘ஓட்டுத்தோல்’ சரியாக இருக்கிறது, மாற்ற வேண்டாம். (பாறையைப் புரட்டிப் பார்த்தவர் அதை இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும் என்ற வரி கையேட்டில் தடித்த எழுத்தில் வரட்டும். அடியில் ஒட்டி வாழும் உயிர்கள் வெயில் பட்டுச் சாகும்.) இந்தியக் கடல்களுக்கு இன்னொரு வரியும் வேண்டும்: ‘கோனஸ் மில்னெட்வர்ட்ஸி’ என்ற கூம்பு நத்தை இனம் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளது, எடுக்கக் கூடாது.

அப்புறம் புரோபோஸிஸ். பட்டாம்பூச்சிக்கு வழங்கும் ‘உறிஞ்சுகுழல்’ இங்கே பொருந்தாது. இது உறிஞ்சுவதில்லை, நீண்டு போய்க் குத்துகிறது. மேலே நான் ‘துதிக்கை’ என்றே எழுதியிருக்கிறேன். யானையை நினைவூட்டினாலும், நீளும், வளையும், எந்தப் பக்கமும் எட்டும் என்பதை ஒரே சொல்லில் உணர்த்திவிடுகிறது. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். இல்லையென்றால் எறிபல், துதிக்கை இரண்டையும் வரைவில் ஏற்றிவிடுகிறேன்.