காய்ச்சல் என்று எழுதினேன்

குடிநோயில் விழுந்த ஆட்டக்காரர்களோடு நெருங்கிப் பழகியவர்கள் எழுதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் முப்பது ஆண்டுகள் விளையாட்டுச் செய்தியாளனாக இருந்தவன். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒருவரைப் பற்றித்தான். அவர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆனாலும் பெயரைச் சொல்லமாட்டேன்.

கோவில்பட்டிக்காரர். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் வெளியூரார் அறிந்த அந்த ஊரை, விளையாடுகிறவர்கள் ஹாக்கிக்காகவே அறிவார்கள். கரிசல் தரையில் வெறுங்காலோடு ஆடிப் பழகி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தவர். 1986இல் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். லெஃப்ட் இன் இடத்தில், அதாவது முன்வரிசையில் இடப்பக்க உட்புறத்தில் ஆடினார். பந்து அவர் மட்டையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒட்டிக்கொண்டே வந்தது. டிரிபிளிங் என்பது அதைத்தான். தடுக்க வந்தவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இவர் மறுபக்கம் போய்விட்டிருப்பார். ஆட்டம் முடிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "தம்பி, பெயரோடு ஊரையும் சேர்த்துப் போடுங்கள். அம்மா யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பாள்" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலேயே ஹாக்கி செயற்கைத் தரைக்குப் போய்விட்டது. இந்தியா ஏழாவது இடத்துக்கு இறங்கியதும் அங்கேதான். ஆனால் தெற்கத்திப் பிள்ளைகள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் மண்ணில்தான் ஆடினார்கள். அண்ணனை இந்திய அணிக்கான முகாமுக்கு அழைத்தார்கள். மூன்றாவது வாரமே திரும்பி வந்துவிட்டார். "அங்கே பந்து எனக்காக நிற்கவில்லை, தம்பி" என்றார். அந்தச் செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். ஓடுவதும் தள்ளிக் கொடுப்பதும்தான் ஆட்டம். கூடவே வைத்துக் கொஞ்சுவதற்கு நேரம் கிடையாது. அந்த ஏமாற்றம்தான் அவரைக் குடிக்க வைத்தது என்று ஞாயிறு மலரில் ஒரு கட்டுரையே எழுதினேன். இன்று அதை நான் நம்பவில்லை. அதே முகாமிலிருந்து திரும்பிய எத்தனையோ பேர் குடிக்காமல் இருந்தார்கள். அண்ணனோ கோல் போட்ட நாளிலும் குடித்தார்.

1993இல் ஓர் அரையிறுதி. ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. உடை மாற்றும் அறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் அவர் சுருண்டு கிடந்தார். நானும் அணி மேலாளரும் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றினோம். மறுநாள் என் செய்தியில் "கோவில்பட்டி வீரர் காய்ச்சல் காரணமாகக் களமிறங்கவில்லை" என்று இருந்தது. வேலைக்கு ஆபத்து வராமல் காப்பாற்றிவிட்டதாக நம்பினேன். அடுத்த முறை முழங்கால் வலி என்று எழுதினேன். அதற்கடுத்த முறை மதினி தொலைபேசியில் அழைத்தபோது, என்னோடுதான் இருக்கிறார், காலையில் வந்துவிடுவார் என்றேன். அவர் எங்கே இருந்தார் என்று எனக்கே தெரியாது.

2002இல் கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட்டுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்த செய்தியை இரவுப் பணியில் நான்தான் தமிழாக்கினேன். மான்செஸ்டர் யுனைடெட் 1968இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர். அந்த ஆண்டின் ஐரோப்பாவின் சிறந்த வீரரும் அவரே. குடிநோய்க்குத் தன் தாயையே 1978இல் பறிகொடுத்தவர். புதிய கல்லீரல் கிடைத்த பிறகும் குடித்தார். 2005 நவம்பரில், மஞ்சள் பூத்த முகத்தோடு மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த அவருடைய படம், என்னைப்போல் சாகாதீர்கள் என்ற வேண்டுகோளோடு வெளிவந்தது. 25ஆம் தேதி இறந்தார். வயது 59. நான் அந்தச் செய்தியைக் கத்தரித்து அண்ணனிடம் கொண்டுபோனேன், பயந்தாவது விடுவார் என்று. நிதானமாகப் படித்தார். "பாவம், தம்பி" என்று கண் கலங்கினார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். பயத்தால் இந்த நோய் தீருமென்றால், தாயின் சாவைப் பார்த்த பெஸ்ட்டுக்கு அன்றே தீர்ந்திருக்கும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

2006இல் நான் செய்த தவறு எல்லாவற்றையும்விடப் பெரியது. இதைப் படிக்கும் யாரும் அதைச் செய்துவிடாதீர்கள். அவரை என் வீட்டுக்குக் கூட்டிவந்து, ஒரு சொட்டுகூடக் கிடையாது என்று அறையில் வைத்துப் பூட்டினேன். முதல் நாள் கை நடுங்கியது. இரண்டாம் நாள் தூக்கமே இல்லை. மூன்றாம் நாள் இரவு, சுவரில் பந்துகள் உருண்டு வருவதாகச் சொல்லி வெறுங்கையால் தடுத்துக்கொண்டிருந்தார். நடுவர் விசில் ஊதிக்கொண்டே இருக்கிறார், நிறுத்தச் சொல்லுங்கள் என்று அழுதார். விடியும் முன் வலிப்பு வந்தது. மருத்துவமனையில் பி1 வைட்டமின் ஊசியும் நடுக்கத்துக்கான மருந்தும் கொடுத்துவிட்டு, மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டார். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் உயிரே போகலாம், மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும் என்றார். இருபது ஆண்டு நட்பில், இது நோய் என்று நான் கேட்டுக்கொண்ட முதல் நாள் அது.

*

திருநெல்வேலியிலிருந்து ஒரு சகோதரி:

ஐயா, என் அண்ணன் வாலிபால் ஆடியவன். ஊருக்கு வந்தால் பஸ் நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் நான்கு பேராவது வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். எல்லோரும் அவனிடம் பழைய ஸ்மாஷ் ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டவர் யாருமில்லை. நாற்பத்து மூன்று வயதில் போய்விட்டான். நாங்களும் வெளியே மஞ்சள்காமாலை என்றுதான் சொன்னோம். இன்றுவரை அம்மா அப்படித்தான் சொல்கிறாள். ஒன்று கேட்கலாமா? நீங்கள் காய்ச்சல் என்று எழுதியதை உங்கள் அண்ணன் எப்போதாவது படித்தாரா?

*

படித்தார், அம்மா. அதைச் சொல்லத்தான் தயங்கிக்கொண்டிருந்தேன்.

சிகிச்சை முடிந்ததும் அவர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் பிறந்த அமைப்பு. கட்டணம் கிடையாது, முழுப் பெயரோ பதவியோ யாரும் கேட்பதில்லை. அங்கே ஒருவருக்கும் அவர் ஆட்டம் தெரியாது. அந்த டிரிபிளிங்கை இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. நானோ இருபது ஆண்டுகளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு எது வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெயரைச் சொல்லாததற்கும் அதுதான் காரணம்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு முறை மீண்டும் குடித்தார்; ஒரு முறை எட்டு மாதம் கழித்து, இன்னொரு முறை தாயார் இறந்த பதினாறாம் நாள். 2010க்குப் பிறகு தொடவில்லை. குடிக்காமல் ஓராண்டு முடித்தவருக்கு அங்கே பிறந்தநாள் கொண்டாடுவார்கள். குடும்பத்தாரும் வரலாம். மதினியோடு நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் எழுந்து தன் முதற்பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பழுத்துப்போன ஒரு செய்தித் துண்டை எடுத்துப் படித்தார். "காய்ச்சல் காரணமாகக் களமிறங்கவில்லை." என்னுடைய வாக்கியம். பதினெட்டு ஆண்டுகளாக வைத்திருந்திருக்கிறார். "எனக்கு அன்று காய்ச்சல் இல்லை. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கிடந்தேன். பேப்பரிலேயே காய்ச்சல் என்று வந்துவிட்டதால் நானும் காய்ச்சல் என்றே நம்பிக்கொண்டேன்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெளியே தேநீர்க் கடையில் நின்றோம். மன்னித்துவிடுங்கள் அண்ணே என்றேன். அவர் அந்தத் துண்டை மீண்டும் மடித்துப் பையில் வைத்தார்.

"ஊர்ப் பெயரைச் சரியாகத்தான் போட்டிருந்தீர்கள், தம்பி" என்றார்.