சிறிய அறக்கட்டளை: கையிருப்பு எவ்வளவு இருக்கலாம்?

கேள்வி: பொருளாளர் பொறுப்பு என் தலையில் விழுந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வங்கிக் கணக்கில் 14 மாதச் செலவுக்கான பணம் கிடக்கிறது. "இவ்வளவு வைத்துக்கொண்டு எதற்கு நன்கொடை கேட்கிறீர்கள்?" என்று ஒரு நன்கொடையாளர் கேட்டுவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பதில் 1: பாஸ்புக்கில் இருப்பதெல்லாம் கையிருப்பு இல்லைங்க. எந்தச் செலவுக்கும் தடையில்லாமல் எடுக்கக்கூடிய பணம்தான் கையிருப்பு. கல்வி உதவிக்கு என்று சொல்லித் தந்த பணத்தில் வாடகை கட்ட முடியாது. முதலில் அதைக் கழியுங்கள். நானும் முதல் வருடம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, ஆடிட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பதில் 2: கட்டடம், வண்டி போன்றவற்றையும் சேர்க்காதீர்கள். அவசரத்துக்கு அரை வண்டியை விற்க முடியுமா? கையிருப்பாக பொதுவாக 3 முதல் 6 மாதச் செலவுக்கான பணம் இருக்கலாம் என்பார்கள். ஆனால் ஒரே மானியத்தை நம்பி ஓடும் அமைப்புக்கு அது போதாது. எவ்வளவு, ஏன், யார் அனுமதித்தால் எடுக்கலாம் என்று அரைப் பக்கம் எழுதி, நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டுவிடுங்கள்.

கேட்டவர்: கழித்துப் பார்த்தேன். 14 மாதம் என்று நினைத்தது இரண்டரை மாதத்தில் வந்து நிற்கிறது! சரி, அந்த நன்கொடையாளருக்கு இன்றே எழுதுகிறேன்.