பெல்கிராங்கில் சிவப்புக் கோடு, இரண்டாம் முறை காணோம். நம்பலாமா?

பந்திங்_பையன்:
வணக்கம். மலேசியாவில் பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டத்துப் பையன் நான். விமானப் பராமரிப்புப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. பயிற்சிக்கு வைத்திருக்கும் பழைய சிறு விமானத்தின் எலிரான் (இறக்கையின் பின்னோரத்தில் அசையும் பலகை) பெல்கிராங்கை, அதாவது கேபிள் இழுப்பைத் திசை திருப்பி எலிரானுக்குக் கொடுக்கும் நெம்புகோலைக் கழற்றி, டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் புகுந்து காட்டிக்கொடுக்கும் சிவப்பு மை) போட்டோம். அலுமினியப் பாகம். நடு போல்ட் துளையின் புஷ் (துளைக்குள் அழுத்திப் பொருத்திய உலோக வளையம்) ஓரத்திலிருந்து சிவப்புக் கோடு ஒன்று வெளியே ஓடியது, நகத்து அகலம்தான் இருக்கும். பயிற்றுநர், "புஷ் இடுக்கில் தங்கின மை. துடைத்துவிட்டு மறுபடி போடு" என்றார். நானும் கம்பித் தூரிகையால் பளபளவெனத் தேய்த்துவிட்டுப் போட்டேன். கோடு வரவில்லை. "பார்த்தாயா" என்று போய்விட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. காந்தத் துகள் சோதனை செய்து பார்க்கலாமா?

ஹேங்கர்_அக்கா:
தம்பி, காந்தத் துகள் எஃகுக்கு. அலுமினியம் காந்தத்துக்கு மசியாது, அதை விட்டுவிடு. கோளாறு உன் கம்பித் தூரிகையில்.

நம் ஊர்க் காப்பிக் கடையில் பழைய பீங்கான் கோப்பையைப் பார்த்திருப்பாய். கோப்பை புதிதாக இருந்தபோது கண்ணுக்குத் தெரியாத கீறல், பத்து வருஷத் தேநீர்க் கறை ஏறியதும் பழுப்புக் கோடாகத் தெரியும். பெனட்ரன்டும் அதே வேலைதான்: விரிசலின் வாய் திறந்திருந்தால்தான் மை உள்ளே போகும். அலுமினியம் மெத்தென்ற உலோகம். கம்பியால் தேய்த்தால் மேல்தோல் இழுபட்டு அந்த வாயை மூடிவிடும். முதல் முறை ஊறிய மையும் கரைப்பானும் உள்ளே காயாமல் கிடந்தாலும் புது மை ஏறாது. அதனால் உன் இரண்டாவது சோதனை விரிசல் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

உன் பயிற்றுநர் சொன்னதும் நடக்கிற காரியம்தான். புஷ் இடுக்கில் மை தங்கும், ஆனால் அது புஷ்ஷைச் சுற்றி வளையமாக வரும். நீ பார்த்தது வெளிப்பக்கம் ஓடிய கோடு என்கிறாய். அது எனக்கும் பிடிக்கவில்லை.

ஒளிரும் மையைப் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே. மிச்சமிருக்கும் சிவப்பு மை அந்த ஒளியைக் கெடுத்துவிடும். எடி கரண்ட் கருவி (உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைக் கண்டுபிடிப்பது) இருந்தால் கேள். அதற்கு விரிசலின் வாய் திறந்திருக்க வேண்டியதில்லை. முதலில் செயற்கை வெட்டு உள்ள மாதிரித் துண்டில் கருவியைச் சரிபார்க்க வேண்டும், அப்புறம்தான் பாகம். கையேடு அனுமதித்தால் புஷ்ஷைக் கழற்றித் துளையின் உட்சுவரையும் பார்க்கச் சொல்.

என் அப்பா செம்பனை ஆலையில் ஃபிட்டர். பிரஸ் ஷாஃப்டுக்குச் சிவப்பு மை அடிக்கும்போது பக்கத்தில் நின்று வளர்ந்தவள் நான். அவரும் பழைய துணியைத்தான் எடுப்பார், கம்பித் தூரிகையைத் தொடமாட்டார்.

சித்தப்பா_ஒர்க்‌ஷாப்:
விரிசல் நுனியில் சின்னத் துளை போட்டால் நின்றுவிடுமே?

ஹேங்கர்_அக்கா:
அது சில தகட்டு வேலைகளில், அதுவும் கையேடு சொன்னால். எலிரானை இழுக்கிற பெல்கிராங்குக்கா? விரிசல் உறுதியானால் குப்பைக்குத்தான்.

மோரிப்_காத்து:
அக்கா சொன்னதற்கு மேல் பெல்கிராங்கைப் பற்றி எனக்குச் சொல்ல இல்லை. அதோடு கழன்று வந்த கேபிள் முனைகளைப் பார்த்தாயா? 303 வகை எஃகு முனைகள் துருப்பிடிக்காதவை என்று பெயர்தான், உப்புப் பட்டால் இழுவிசையிலேயே விரிசல் விடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. 2013-இல் பைப்பர் விமானங்களின் ஸ்டெபிலேட்டர் (வாலில் முழுதாக அசையும் கிடைச்சிறகு) கேபிள்களைச் சோதிக்கக் கட்டாய உத்தரவே போட்டது. டர்ன்பக்கிளில் (கேபிளை இறுக்கும் திருகு இணைப்பு) அது கழலாமல் கட்டியிருக்கும் லாக் ஒயரைக் கழற்றிவிட்டு, அது மறைத்த இடத்தை 10 மடங்கு லென்ஸில் பார். நம் கடலோரக் காற்றில் சின்னப் பழுப்புப் புள்ளியைக்கூட விடாதே. கேபிளில் துணியைச் சுற்றி இழுத்துப் பார். அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். வெறுங்கையால் இழுக்காதே, நான் அனுபவித்திருக்கிறேன்.

பந்திங்_பையன்:
மறுநாள் பயிற்றுநரிடம் தனியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் அவரே எடி கரண்ட் கருவியை எடுத்து வந்தார். கோடு இருந்த இடத்தில் திரையில் குறி எகிறியது. புஷ்ஷை அழுத்தி எடுத்து லென்ஸில் பார்த்தால், உட்சுவர் விளிம்பில் தலைமுடி மாதிரி விரிசல். பாகம் ஆகாது என்று சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டார். "எப்படித் துடைத்தாய் என்பதையும் எழுது" என்றார். கம்பித் தூரிகை என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லாக் ஒயரை நாளைக்குத்தான் கழற்ற வேண்டும், காத்து அண்ணே.