டோஸ்: ஒரு சொல் போதாது

வணக்கம்.

மருத்துவமனை மென்பொருளைத் தமிழாக்குகையில் 'டோஸ்' (dose, ஸ்கேனில் வரும் கதிரின் அளவு) என்ற சொல்லிலேயே ஒரு வாரமாக நிற்கிறோம். அதற்கு நம் குழுவில் வந்த தமிழ்ச்சொல் பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் 'கதிரியக்க அளவு'. இதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். அணுக்கரு தானே சிதைந்து கதிரை வெளிவிடுவதுதான் கதிரியக்கம். சிடி ஸ்கேனில் அப்படி இல்லை, எக்ஸ்-ரே குழாயை அணைத்ததும் கதிர் நின்றுவிடும். உடலில் எதுவும் தங்காது. சோதனைப் பதிப்பின் திரையில் இந்தச் சொல்லைப் பார்த்த ஒரு தாய், "அப்போ இன்னைக்குப் பிள்ளையைத் தூக்கலாமா?" என்று கேட்டார். அந்தப் பயத்தை நாம்தான் உண்டாக்கினோம்.

'மருந்தளவு' பெட் ஸ்கேனுக்கு வேண்டும். அங்கே உண்மையிலேயே ஊசி வழியாகக் கதிரியக்க மருந்து போகிறது, கதிரியக்கத்தின் அலகான மெகாபெக்கரலில் அளக்கிறார்கள். அதற்கே விட்டுவைப்போம்.

சரி, வெறும் 'கதிர்வீச்சு அளவு'? இங்கேதான் சிக்கல். சிடி கருவி அனுப்பும் டைக்காம் (மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரவு வடிவம்) அறிக்கையில் 10 மில்லிகிரே (ஒரு பொருள் உள்வாங்கும் கதிரின் அலகு) என்று, எடுத்துக்காட்டாக, ஓர் எண் வருகிறது. அது நோயாளி வாங்கியது இல்லை. உடல் ஸ்கேன் என்றால், 32 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் உருளையை அதே அமைப்பில் ஸ்கேன் செய்தால் அது எவ்வளவு வாங்கியிருக்கும் என்ற கணக்கு. பருமனான ஒருவரையும் சின்னக் குழந்தையையும் ஒரே அமைப்பில் ஸ்கேன் செய்தால் திரையில் இருவருக்கும் அதே 10தான். ஆனால் 16 செ.மீ. குறுக்களவுள்ள குழந்தையின் உடல் வாங்குவது ஏறத்தாழ 20. 'நோயாளியின் கதிர்வீச்சு அளவு: 10' என்று நாம் எழுதினால் அது பொய். அதுவும் யாருக்கு மிகுந்த கவனம் வேண்டுமோ அவர் விஷயத்தில் பொய்.

ஆகவே கருவி தந்தது 'கதிர்வெளியீடு', உடல் வாங்கியது 'கதிரேற்பு'. பதவியேற்பு, பொறுப்பேற்பு போலவே அமைந்த சொல். கதிரேற்பு அறிக்கை, கதிரேற்புப் பதிவேடு, திரள் கதிரேற்பு என்று நன்றாக நீளவும் செய்கிறது. ஏற்பு என்றால் விரும்பி ஒப்புக்கொள்வது ஆகாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பிச்சை ஏற்பதும் ஏற்பதுதான். வாங்கிக்கொள்வது என்ற பொருள் அந்தச் சொல்லில் பழையது.

அப்புறம் மில்லிசீவர்ட்டில் (உடலுக்கு நேரக்கூடிய தீங்கைக் கணிக்கும் அலகு) வரும் எண். மார்பு சிடியில் வெளியீடு 10, ஸ்கேன் நீளம் 40 செ.மீ. என்றால் பெருக்கி 400. பெரியவர்களுக்கு அதை மார்புக்கான மாற்றுக் காரணி 0.014ஆல் பெருக்கினால் 5.6 மில்லிசீவர்ட். ஒவ்வோர் உறுப்பும் கதிருக்கு எவ்வளவு எளிதில் பாதிப்படையும் என்பதையும் சேர்த்துப் போடும் கணக்கு இது. ஆங்கிலத்தில் 'எஃபெக்டிவ் டோஸ்' எனப்படும் இதற்குப் 'பயனுறு' என்ற அடைமொழியை முன்மொழிந்திருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தமிழில் பயன் என்றால் நன்மை. இங்கே எண்ணுவதோ தீங்கின் வாய்ப்பை. 'விளைவுறு கதிரேற்பு' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், ஆனால் நாக்கு கொஞ்சம் இடறுகிறது. ஸ்கேன் அறையில் நோயாளிகளோடு பேசுகிறவர்கள் இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.