பிளாக் ஃப்ரைடே பெயர் வைத்தது யார்: கணக்குப்பிள்ளையா, போலீசா?

பழந்தாள்: நேற்று இந்த இணைய மன்றத்தில் ஒருவர், "அமெரிக்கக் கடைக்காரர்கள் வருடம் முழுக்க நஷ்டத்தைச் சிவப்பு மையில் எழுதி, நவம்பர் வியாழக்கிழமையில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள்தான் லாபம் பார்த்துக் கருப்பு மைக்கு மாறுவார்கள், அதனால்தான் அந்தத் தள்ளுபடி விற்பனை நாளுக்குப் பிளாக் ஃப்ரைடே, அதாவது கருப்பு வெள்ளி, என்று பெயர்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்தப் பெயர் பிலடெல்பியா நகரப் போலீஸ் வைத்தது. அந்தக் காலத்தில் அந்த வெள்ளிக்கிழமை சுற்றுவட்டார ஜனமெல்லாம் நகரத்துக் கடைகளில் வந்து குவியும், அடுத்த நாள் ராணுவத்துக்கும் கடற்படைக்கும் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி, போக்குவரத்து முடங்கிப்போகும், போலீசாருக்கு லீவே கிடையாது. 1966-இல் அஞ்சல்தலை சேகரிப்போர் பத்திரிகையில் வந்த ஒரு கடை விளம்பரமே, இது போலீஸ் வைத்த பெயர் என்று சொல்கிறது.

பேரேடு: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாமே. 25 வருடம் கணக்கு எழுதியவன் நான். சிவப்பு மை நஷ்டம், கருப்பு மை லாபம். ஒரு அஞ்சல்தலை விளம்பரத்தைக் காட்டி எனக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டாம்.

பழந்தாள்: மை வழக்கம் பொய் என்று நான் சொல்லவே இல்லை, இந்தப் பெயர் அதிலிருந்து வரவில்லை என்கிறேன். மைக் கதை அச்சில் தலைகாட்டுவது 1980-களின் தொடக்கத்தில். விளம்பரம் 1966. பிள்ளைக்குப் பெயர் வைத்துப் பதினைந்து வருடம் கழித்து வந்தவர், நான்தான் வைத்தேன் என்கிறார்!

வாய்க்கால்: 1869 செப்டம்பர் 24-ஐ இருவருமே மறந்துவிட்டீர்கள். ஜே கூல்டு, ஜிம் ஃபிஸ்க் என்ற இரண்டு அமெரிக்கப் பணமுதலைகள் விலையை ஏற்றச் சந்தையில் தங்கத்தை வாங்கிக் குவித்தார்கள், அமெரிக்க அரசு தன் தங்கத்தை விற்க முன்வந்ததும் விலை சரிந்து பலர் தெருவுக்கு வந்தார்கள். அந்த நாளையும் கருப்பு வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.

பழந்தாள்: செப்டம்பரில் ஏது தேங்க்ஸ்கிவிங்? போன மாதம் பொங்கல் பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான் நடுவில் புகுந்து பேச்சைக் கெடுத்தீர்கள்.

வாய்க்கால்: பொங்கல் இழையில் தப்பு உங்களுடையது, இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். 1951 நவம்பரில் ஒரு தொழிற்சாலை நிர்வாக இதழ், தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் தொழிலாளர்கள் உடம்பு சரியில்லை என்று மொத்தமாக மட்டம் போடுவதை இதே பெயரில் எழுதியிருக்கிறது. அதில் உங்கள் போலீஸ் எங்கே?

பழந்தாள்: அது மட்டம் போடுவது பற்றி. நாம் பேசுவது கடைவீதி. 1966 விளம்பரத்தை இன்னொரு தடவை படியுங்கள்.

பேரேடு: கடைவீதி என்று நீங்களே சொல்கிறீர்கள். கடைவீதியில் கணக்கு எழுதுவது போலீசா, கணக்குப்பிள்ளையா?

பழந்தாள்: அந்தக் கடைக்காரர்களுக்கே இந்தப் பெயர் ஆகவில்லை ஐயா! 1961 வாக்கில் 'பிக் ஃப்ரைடே' என்று மாற்றிப் பார்த்தார்கள், யார் வாயிலும் ஒட்டவில்லை. லாபத்தைச் சொல்லும் பெயரை எந்த வியாபாரி மாற்றத் துடிப்பான்?

தேன்மொழி: எல்லோரும் முதலில் 'கறுப்பு' என்று எழுதுங்கள். "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்கிறார் தொல்காப்பியர். வெகுளி என்றால் கோபம்.

பேரேடு: கருமையிலிருந்து வருவது கருப்பு. வல்லின றகரம் கோபத்துக்கு, இடையின ரகரம் நிறத்துக்கு.

தேன்மொழி: அடுத்த சூத்திரத்தையும் படியுங்கள், நிறத்தைக் குறிக்கவும் உரியவை என்று அவரே சொல்லியிருக்கிறார். பாதியை வைத்துப் பேசாதீர்கள்.

பழந்தாள்: கோபம் என்றால் இன்னும் நல்லது! லீவு கிடைக்காத போலீசாரின் கோபம்தான் அந்தப் பெயர். 1966.

பேரேடு: சிவப்பும் வெகுளிதானே, அப்படியானால் ஏன் ரெட் ஃப்ரைடே ஆகவில்லை? நஷ்டம் சிவப்பு மை, லாபம் கருப்பு மை. இடையின 'ரு'தான் போடுவேன்.

தேன்மொழி: கறுப்பு.

பழந்தாள்: எந்த 'ரு' போட்டாலும் விளம்பரம் 1966. மைக் கதைக்கு அதற்கு முந்தைய ஒரே ஒரு தாள் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

பேரேடு: நாளைக்குக் காட்டுகிறேன். பேரேடு இல்லாத கடை எந்த ஊரில் இருந்தது என்று அதுவரை நீங்கள் தேடி வையுங்கள்.